கொடுத்ததல்ல, பறித்தெடுத்தது

ஆங்கிலேயனைவிடப் பிரெஞ்சுக்காரன் மேல் என்ற பேச்சு படப்பைப் பக்கம் எளிதில் செல்லுபடியாகிறது. ஒரகடத்தில் ரெனோ, ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் என்று பிரெஞ்சுப் பெயர்கள் நமக்குப் பழகிவிட்டன. பாண்டிச்சேரியில் சண்டையில்லாமல் வெளியேறினான், அவன் நாட்டு அறிவாளிகளே தவறை ஒப்புக்கொண்டார்கள், ஆண்ட காலத்தில் சமத்துவம் கொடுத்தான் என்று மூன்று காரணம் சொல்கிறார்கள். மூன்றையும் நான் மறுக்கிறேன்.

வெளியேறிய கதை சுருக்கமானது. 1954 மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வியட்நாமியரிடம் சரணடைந்தது. அக்டோபர் 18 அன்று பாண்டிச்சேரியை அடுத்த கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பரில் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகு, 1962 ஆகஸ்டில்தான் நடந்தது. வேறு வழியில்லாமல் போனவர்களைப் பெருந்தன்மையாளர்கள் என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது அறிவாளிகள். அல்ஜீரியப் போரை எதிர்த்துத் தத்துவவாதி சார்த்தர் உட்பட 121 பேர் 1960இல் அறிக்கை விட்டது துணிச்சலான செயல். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காலனியத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றியவர்களில் முன்னால் நின்றவர்கள் பிரெஞ்சுக் காலனியாக இருந்த மார்த்தினிக்கின் எமே செசேரும் ஃபிரான்ஸ் ஃபனோனும். அடிமை முறையை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்த 2001ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த கிறிஸ்டியன் தொபிரா, இன்னொரு பழைய காலனியான பிரெஞ்சு கயானாவைச் சேர்ந்தவர். பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் இந்தியர்களையும் அந்தச் சட்டம் சேர்த்தது. தமிழர்களை அடிமைகளாக இந்தியப் பெருங்கடலின் மஸ்கரேன் தீவுகளுக்குக் கப்பலேற்றியது நடந்த வரலாறுதானே. நான்கே ஆண்டுகளில், காலனி ஆட்சியின் ‘நல்ல பங்கை’ப் பள்ளியில் கற்பிக்கச் சொல்லி அதே நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தார்கள், 2006இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜாக் வெபர் போன்றவர்கள் பாண்டிச்சேரி வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாரிசின் பொது விவாதம் பெரும்பாலும் அல்ஜீரியாவைத்தான் சுற்றுகிறது.

சமத்துவம் என்ற வாதம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. 1936 ஜூனில் லெயோன் ப்ளூமின் இடதுசாரி அரசு பிரான்சுத் தொழிலாளிகளுக்கு வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுப்பும் தந்தது. அதே அரசின் கீழ், ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய பாண்டிச்சேரி சவானா மில் தொழிலாளிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா போன்றவர்கள் போராட்டத்தை விடவில்லை. அதன் பிறகுதான், 1937 ஏப்ரலில், எட்டு மணி நேரம் சட்டமானது. பிரெஞ்சுக் குடியரசின் கொடியும் முழக்கமும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்; ஒரு ஊருக்கு விடுப்பு, மற்ற ஊருக்குக் குண்டு.

அப்படிப் பறித்தெடுத்த எட்டு மணி நேரத்தை இன்றும் காக்க வேண்டியிருக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததால் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. அது நிலைத்திருந்தால் நம் தொழிற்பேட்டை ஷிப்டுகளைத்தான் முதலில் தொட்டிருக்கும். சவானா மில் தியாகிகளுக்குப் புதுச்சேரித் தொழிற்சங்கத்தினர் ஜூலை 30 அன்று அஞ்சலி செலுத்துகிறார்கள். ஒரகடத்துத் தொழிலாளிகளும் அதில் போய் நிற்க வேண்டும்.