தொழில்பேட்டை மடல்: சிவனொளிபாதமலை ஏறுமுன்



தோஹா தொழில்பேட்டையில் மார்கழி பிறந்தால் லீவுக் கதைதான். ஊருக்குப் போனதும் நேர்த்திக்குச் சிவனொளிபாதமலை ஏற வேண்டும் என்று நினைப்பவர்கள் எம்மில் பலர். நல்ல எண்ணம். ஆனால் கத்தாரின் மிக உயர்ந்த மேடே 103 மீற்றர்தான். சமதரையில் இரண்டு வருடம் நடந்த கால், 2243 மீற்றர் மலைக்கு ஒரே இரவில் பழகிவிடாது. மலையில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு திரும்பினால் இங்கே சாரத்தில் ஏற முடியாது. ஆகவே ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்கி வேலைக்குத் திரும்புவதற்கும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும். மற்ற மாதங்களில் படிகளில் விளக்கில்லை, கடையில்லை, மழையும் அட்டையும்தான். போயா தினங்களிலும் சனி இரவிலும் உச்சிக்குக் கிட்ட வரிசையில் மணிக்கணக்காக நிற்க நேரிடும். வாரநாளே நல்லது.

ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய் ஏறுவதே குறுகிய பாதை. ஏறத்தாழ 7 கிலோமீற்றர், 5000க்கு மேற்பட்ட படிகள். இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலப் பாதை இதைவிட நீளமானது. பிள்ளைகளோடு முதன்முறை போவோருக்கு அது வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் சேதமாக்கியது. எனவே ரயிலா பஸ்ஸா என்பதை விசாரித்துவிட்டே புறப்படுங்கள்.

பயிற்சிக்கு இங்கே மலை இல்லாவிட்டாலும் மாடிப்படி இருக்கிறது. ஒரு மாடிக்கு இருபது படி என்று வைத்தால், நான்கு மாடி ஏறினால் 80 படி. அறுபது தடவைக்கு மேல் ஏறினால்தான் மலைக் கணக்கு வரும்! ஐந்து தடவையில் தொடங்கி, வாரந்தோறும் கூட்டுங்கள். இறங்கும்போதும் லிஃப்டைத் தேடாதீர்கள். முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான்.

இங்கே ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வெளிவேலை செய்யத் தடை. தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடிக்க அந்த வெயில் எமக்குப் படிப்பித்திருக்கிறது. மலைக்குளிரில் தாகமே தெரியாது. அங்கும் அதே பழக்கத்தை விடாதீர்கள்.

சூரியோதயம் பார்க்க, இளைஞர்கள் இரவு 2 மணிக்குப் புறப்பட்டால் போதும். பிள்ளைகளும் பெரியவர்களும் இருந்தால் முன்னிரவிலேயே தொடங்கி, கடைகளில் தங்கித் தங்கி ஏறுங்கள். உச்சியில் காற்று கடுமை. வியர்த்த சட்டையோடு நின்றால் நடுக்கம் பிடிக்கும். மாற்றுச் சட்டை, காதுக்குத் துணி, டோர்ச் ஆகியவை ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். இறங்கும்போது ஒரு தடியை ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் யார் கூட இறங்குவது? இதை அடிவாரத்திலேயே பேசி முடிவெடுங்கள். பாதிவழியில் திரும்புவது நேர்த்தியை முறிப்பதாகாது. நெஞ்சு வலியோ தலைச்சுற்றோ வந்தால் ஒரு படிகூட மேலே வேண்டாம்.

லீவின் கடைசி நாட்களில் மலையை வைக்காதீர்கள். ஏறிய பின் விமானத்துக்கு நாலைந்து நாளாவது இருக்கட்டும்.

ஊருக்குப் போகும் வழி இன்னும் திறக்காத உறவுகளே, போகிற தம்பிமாருக்கு இதை வாசித்துச் சொல்லுங்கள். உங்களுக்காகவும் அவர்கள் மேலே மணி அடிப்பார்கள்.

அடுத்த மடலில் சந்திப்போம்.