134-வது இடத்தில் நின்ற கோவைப் பெண்!

கலவையில் டென்னிஸ் பந்து வாங்கினால் அது போய்ச் சேர்வது பெரும்பாலும் தெருக் கிரிக்கெட்டுக்குத்தான். ஆம்பூர், வேலூரிலும் இதே கதைதான். மீறி ஒரு பெண் குழந்தை டென்னிஸ் மட்டையைத் தூக்கினால், வீட்டில் வரும் முதல் கேள்வி: "இதுல சோறு கிடைக்குமா?"

நியாயமான கேள்விதான். பதில் கோவையில் இருக்கிறது.

நிருபமா வைத்தியநாதன், 1976-ல் கோவையில் பிறந்தவர். அப்பா ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர். ஆனால், மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது டென்னிஸ்! 14 வயதிலேயே நிருபமா பெண்கள் பிரிவில் தேசிய சாம்பியன். 1998 ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிஸ்ஸிகினியை வீழ்த்தினார். 1968-ல் 'ஓப்பன்' காலம் தொடங்கிய பிறகு, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். சானியா மிர்சா அதே மெல்பர்னில் மூன்றாவது சுற்றுவரை போனது ஏழு வருஷம் கழித்து.

நிருபமா தொட்ட உச்சபட்ச உலக ரேங்க் எவ்வளவு தெரியுமா? 134.

கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் மொத்தமே 128 இடம். அதிலும் சில, தகுதிச் சுற்றில் ஜெயிப்பவர்களுக்கும் வைல்டு கார்டுக்கும் போய்விடும். ஆக, 134-ல் இருப்பவர் எப்போதும் வாசல்படியில் நிற்பவர். சின்னப் போட்டிகளில் பரிசுப் பணம் சொற்பம். விமான டிக்கெட், ஓட்டல் வாடகை, மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு, கோச் சம்பளம்... ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் எல்லாமே கைக்காசு. முதல் சுற்றில் தோற்றால் அந்த வாரம் நஷ்டக் கணக்குதான். ரஞ்சி ஆடும் பையனுக்கு மேட்ச் ஃபீஸாவது உண்டு. டென்னிஸில் உலகின் 134-வது ஆளுக்குச் சம்பளம் போட யாருமில்லை!

சர்க்யூட்டை விட்ட பிறகு நிருபமா கலிஃபோர்னியாவில் குடியேறி, பயிற்சியாளர் ஆனார். திருமணத்துக்குப் பின் நிருபமா சஞ்சீவ். அங்கே தன் பெயரிலேயே டென்னிஸ் அகாடமி நடத்துகிறார். தோற்றால் வருமானம் நின்றுபோகிற கவலை இந்த வேலையில் இல்லை.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. குழந்தை பிறந்த பிறகு மறுபடி பயிற்சியில் இறங்கி, 33 வயதில் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கான இந்திய அணியில் இடம்பிடித்தார்.

2013-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். தலைப்பு, 'தி மூன்பாலர்'. மூன்பால் என்றால், பந்தை வானத்துக்குத் தூக்கி எதிராளியின் பின்கோட்டுக்குப் பக்கத்தில் இறக்குவது. அடியில் வேகம் போதாத பிள்ளைகள், எதிராளி பொறுமை இழக்கும்வரை விடாமல் ஆடும் ஷாட் அது.