ஆய்வேடு நூலாகும் வழி: திருவண்ணாமலைப் பதிப்புகளை முன்வைத்து

முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர் பலர், தம் சேமிப்பைச் செலவிட்டு ஆய்வேட்டைச் சில நூறு படிகள் அச்சிட்டு, பன்னாட்டுத் தர நூல் எண்ணையும் பெற்றுவிடுகின்றனர். அந்நூலை அச்சுக்கு முன் துறை வல்லுநர் எவரேனும் மதிப்பிட்டனரா என்னும் வினா எழுவதே இல்லை. அச்சகத்தைத் தேடுமுன் மதிப்பீட்டாளரைத் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திருவண்ணாமலை வட்டாரத்தைச் சார்ந்த மூன்று பதிப்புகளை இங்கு நினைவுகூரலாம். செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் இடம்பெற்ற பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். அதற்கு ஈராண்டு முன் வெளிவந்த சீவக சிந்தாமணிக்கு அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இரா.நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்டது. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைப் பி.ஆர்.சீனிவாசன் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாகப் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்டது. பொருள் தந்தோர் முறையே வாசகர், அரசு, ஆய்வு நிறுவனம் என வேறுபடினும், மூலச்சான்றைச் சரிபார்த்த பின்னரே அச்சேற்றும் ஒழுங்கு மூன்றுக்கும் பொது. அதனாலேயே இன்றும் அவற்றை நம்பி மேற்கோள் காட்டுகிறோம்.

இன்றைய மதிப்பெண் முறை இவ்வொழுங்கை வற்புறுத்தவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, மொழிப் புலத்தில் மதிப்பீடு செய்யப்பட்ட இதழில் வரும் கட்டுரைக்கு 10 மதிப்பெண். தேசியப் பதிப்பகம் வெளியிடும் நூலுக்கும் 10. பன்னாட்டுப் பதிப்பகமாயின் 12. கட்டுரைக்கு மதிப்பீட்டைக் கேட்கும் நெறிமுறை, நூலுக்குப் பதிப்பகத்தின் தகுதியை மட்டுமே கேட்கிறது. விளைவு எளிதன்று. பிழையாகப் படிக்கப்பட்ட ஒரு கல்வெட்டு வரி நூலேறிவிட்டால், அடுத்த ஆய்வேட்டில் அதுவே சான்றாகிவிடும்.

ஆய்வாளர் செய்யத்தக்கன சில. பட்டத்துக்காக எழுதிய கருதுகோள், முன்னாய்வு மதிப்பீடு ஆகிய பகுதிகளைச் சுருக்கி, ஆய்வேட்டை நூலாகத் திருத்தி எழுத வேண்டும். சொல்லடைவு சேர்க்க வேண்டும். நூற்சுருக்கத்தையும் மாதிரி இயல் ஒன்றையும் பதிப்பகத்துக்கு அனுப்பி, மதிப்பிடுவோர் எவர், பதிப்புரிமை எவருக்கு என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். செலவுக்குத் தமிழ் வளர்ச்சித் துறையின் நூல் வெளியீட்டு நிதியுதவியை நாடலாம்.

ஆயினும், பொறுப்பு முழுவதையும் இளம் ஆய்வாளர்மீது சுமத்துதல் முறையன்று. இதழ்க் கட்டுரைகளை மதிப்பிடும் தமிழ்த்துறைகள் அவ்வல்லுநர் குழுவைக் கொண்டே நூற்படிகளையும் மதிப்பிடலாம். பல்கலைக்கழகப் பதிப்புத்துறைகள் அம்மதிப்பீட்டை ஏற்று வெளியிடலாம். அவ்வாறு செய்யின், ஆய்வாளரின் பொருள்நிலையன்றி ஆய்வின் தகுதியே நூலின் வரவை முடிவு செய்யும்.