சரிபார்ப்பதும் ஆய்வே

அரசின் கடன், நாட்டின் உற்பத்தி மதிப்பில் 90 விழுக்காட்டை எட்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று 2010இல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் எனும் பொருளியல் அறிஞர்கள் எழுதினர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசுச் செலவைக் குறைக்க விரும்பியோர் அதனையே சான்றாகக் காட்டினர். அத்தகைய குறைப்பில் முதலில் அடிபடுபவர் ஏழையரே.

மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கை மீண்டும் செய்து பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. கேட்டபோது ஆசிரியர்கள் தம் எக்செல் கோப்பை மறைக்காமல் அனுப்பினர். அந்த நேர்மையையும் சொல்லியாக வேண்டும். சராசரி காணும் சூத்திரத்தில் ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில ஆண்டுகளின் தரவுகளும் சேர்க்கப்படவில்லை. சராசரி எடுத்த முறையிலும் அவர் குறை கண்டார். யாவற்றையும் திருத்தியபோது, மைனஸ் 0.1 விழுக்காடாக இருந்த வளர்ச்சி 2.2 விழுக்காடாயிற்று. 2013இல் இது வெளிவந்ததும் ஆசிரியர்கள் எக்செல் பிழையை ஏற்றனர், கருத்தைக் கைவிடவில்லை.

நம் மேடைகளில் இப்னுல் ஹைதமின் பெயர் பெருமையோடு ஒலிக்கிறது. தாலமியின் நூல்களில் தாம் கண்ட முரண்களைத் தொகுத்து அவர் தனிநூலே எழுதியதை எத்தனை பேர் சொல்கிறோம்? அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் ஆராய்ந்தே ஹதீஸை ஏற்ற சமுதாயத்தில், பேராசிரியரின் எண்ணை மாணவர் வினவினால் அதபுக் குறைவு என்கிறோம். நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளேனும், வெளியான ஓர் ஆய்வின் கணக்கை மீண்டும் செய்து பார்ப்பதை முதுகலை மாணவருக்கு ஒரு பருவத்தின் பாடமாக வைக்கலாம்.