கேப்பர் மலையும் கழட்டிப் போட்ட முன் பிரேக்கும்

போன வாரம் அரியர் புராணம் பாடினதுக்கு மெயில் போட்டு ஆறுதல் சொன்ன அத்தனை பேருக்கும் தேங்க்ஸ். அதுல பாதிப் பேர் என்னைவிட அதிகமா வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சதும் மனசு லேசாயிடுச்சு! இந்த வாரம் சப்ஜெக்ட் வேற. சைக்கிள். சும்மா காலேஜுக்கு மிதிக்கிற சைக்கிள் இல்ல பாஸ்... மலை உச்சியில இருந்து தலைதெறிக்க இறக்குற சைக்கிள்.

"மலையா? நீ குடிகாட்டுக்காரன்தானே?"ன்னு கடலூர்க்காரங்க சிரிக்கிறது இங்க வரைக்கும் கேட்குது. ஒத்துக்கறேன். எங்க ஊருக்குப் பக்கத்துல சிப்காட் இருக்கு, உப்பனாறு இருக்கு, கொஞ்சம் தள்ளிப் போனா கடலே இருக்கு. மலை மட்டும் கிடையாது. ஊர்லயே உயரமான இடம் தண்ணி டேங்க். இங்கிருந்து சிதம்பரம் வரைக்கும் மிதிச்சாலும் பாலம் ஏறி இறங்கறதைத் தவிர ஏத்தம்னு ஒண்ணைப் பார்க்க முடியாது.

ஆனா கடலூர்ல கேப்பர் மலைன்னு ஒண்ணு இருக்கே! மத்திய சிறை இருக்கிற அதே கேப்பர் மலைதான். ஒரு வெள்ளைக்கார கேப்டனோட பேர் ஒட்டிக்கிட்ட செம்மண் மேடு. இதை மலைன்னு சொன்னா கொல்லிமலைக்காரங்க அடிக்க வருவாங்க. 70 கொண்டை ஊசி வளைவு வெச்சிருக்கறவங்களுக்கு இது வயல் வரப்பு. நாங்க இறங்குற ஒத்தையடிப் பாதையில மொத்த இறக்கமே 25 மீட்டர் இருந்தா அதிகம். ஆனா காலுக்கடியில பூரா செம்மண் சரளை. வழியில மழை அறுத்துவிட்ட பள்ளம், குறுக்கே நீட்டிக்கிட்டு நிக்கிற முந்திரிக் கிளை. கடைசியில ஒரு சின்ன மதகு, அதைத் தாண்டினா தார் ரோடு. எங்க நாலு பேருக்கு அது போதுமானதா இருந்துச்சு.

ஆரம்பிச்சு வெச்சது ஒரு வீடியோ. சிலி நாட்டுல வல்பரைசோன்னு ஒரு துறைமுக ஊர். அங்க 2003-ல இருந்து ஒரு ரேஸ் நடந்திருக்கு. மலைச்சரிவுல கட்டின வீடுங்களுக்கு நடுவுல, படிக்கட்டுல, சந்துல, சைக்கிளை விட்டுக்கிட்டு கீழே வர்றாங்க. ஹாஸ்டல் ரூம்ல ஒரே போனை நாலு பேர் எட்டிப் பார்த்தோம். வீடியோ முடிஞ்சதும் சிவில் படிக்கிற நம்ம மாப்ள (பேர் வேணாம், மாப்ளன்னே வெச்சுக்குவோம்) கேட்ட ஒரே கேள்வி: "மச்சான், நம்மகிட்டயும்தான் சைக்கிள் இருக்கு?"

இருந்துச்சு. பிளஸ் ஒன்ல அரசாங்கம் குடுத்த சைக்கிள். தமிழ்நாட்டுல 2001-02ல ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்குன்னு தொடங்கி, 2005-06ல அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும்னு விரிஞ்ச திட்டம். உங்கள்ல நிறைய பேர் வீட்டுத் திண்ணையிலயும் அது இன்னும் சாஞ்சு நிக்கும். நல்ல கனமான, சொன்ன பேச்சு கேட்கிற சைக்கிள். ஸ்கூலுக்குப் போய்ட்டு வரச் சொல்லிக் குடுத்ததை நாங்க மலையில இருந்து தள்ளிவிடப் போறோம்னு யாருக்கும் தெரியாது.

அடுத்து மாடிஃபிகேஷன். இதுல மெக்கானிக்கல்காரன்னு என்னைத் தலைமைப் பொறியாளரா போட்டாங்க. (கியர் பாக்ஸைப் படத்துல மட்டும் பார்த்தவன் நான். அதை வெளிய சொல்லிக்கல.) முதல்ல மட்காடு போச்சு. அப்புறம் கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு. கனமா சேர்ந்த இரும்பைப் பார்த்துட்டு காயலான் கடைக்காரர் குஷியாகி, பதிலுக்கு ஒரு பழைய ஷாக்கப்சர் ஃபோர்க்கைக் காட்டினார். யாரோ ஒரு குட்டிப் பையன் ஓட்டித் தேய்ச்ச சைக்கிளோடது. அதை மாப்ளயோட சைக்கிள்ல மாட்டினோம். கெத்துன்னா கெத்து!

ஒரே ஒரு சின்னப் பிரச்னை. எங்க சைக்கிள்ல இருந்தது கம்பி பிரேக். புது ஃபோர்க்குல அதை மாட்ட இடமே இல்ல. நான்தான் சொன்னேன்: "கழட்டிப் போடு மச்சான். இறக்கத்துல முன் பிரேக் பிடிச்சா குப்புறத்தான் கவுந்துடும். பின் பிரேக் போதும்."

இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. சைக்கிள் கத்துக்குடுக்கிற எல்லா அண்ணன், சித்தப்பா, மாமாவும் சொல்ற வாக்கு அது. நானும் யோசிக்காம அப்படியே எடுத்து விட்டேன்.

மூணு ஞாயித்துக்கிழமை ஒண்ணும் ஆகல. சிராய்ப்பு கணக்குல வராது. நாலாவது ஞாயிறு ஐப்பசி மாசம், ராத்திரி பூரா மழை. காலையில வெறிச்சிருந்துச்சு. மாப்ளதான் முதல்ல இறங்கினான். பாதி வழி வரைக்கும் கத்திக்கிட்டே போனவன், மதகுக்கு முன்னாடி திடீர்னு கத்தறதை நிறுத்தினான். அப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. பிரேக்கை அழுத்திப் பிடிச்சிருக்கான், ஈர ரிம்முல கட்டை வழுக்கிட்டே போயிருக்கு. அப்புறம் சடார்னு பிடிச்சு, பின்சக்கரம் அப்படியே லாக் ஆகி, சரளையில பாம்பு மாதிரி நெளிஞ்சு... மதகுச் சுவத்துல மோதினான். வலது கையை ஊன்றி விழுந்தான்.

எழுந்து சிரிச்சான். நாங்களும் சிரிச்சோம். எக்ஸ்ரே எடுத்ததுல எலும்பு முறிவு எதுவும் தெரியல. வீட்டுல "பஸ் படிக்கட்டுல வழுக்கிட்டேன்"னு கதை சொல்லியாச்சு. ஆனா பத்து நாள் கழிச்சும் கட்டைவிரலுக்கு அடியில, மணிக்கட்டு ஓரத்துல வலி நின்னபாடில்ல. மறுபடி எக்ஸ்ரே எடுத்தப்போ ஸ்கேஃபாய்டுன்னு ஒரு குட்டி எலும்புல விரிசல். கையை ஊன்றி விழறவங்களுக்கு அடிக்கடி உடையறது இதுதானாம். முதல் எக்ஸ்ரேல பல சமயம் தெரியவே தெரியாதாம். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் கம்மிங்கறதால சேர்றதுக்கும் நாளாகும். வாரக்கணக்குல மாவுக்கட்டு. வலது கை. செமஸ்டர் நவம்பர்ல.

அவங்க அம்மாகிட்ட உண்மையைச் சொல்ல நான் போனேன். பிரேக்கைக் கழட்டச் சொன்னது நான்தான்னும் சொன்னேன். திட்டுவாங்கன்னு தயாரா போயிருந்தேன். டீ குடுத்துட்டு, "ஏம்ப்பா, நீங்கள்லாம் இதைத்தானே படிக்கிறீங்க?"ன்னாங்க. அந்த டீ இன்னும் தொண்டையில நிக்குது.

நொறுங்கின சைக்கிளைத் தள்ளிக்கிட்டு எங்க தெரு சைக்கிள் கடை அண்ணன்கிட்ட போனேன். ஃபோர்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முன் பிரேக்க ஏன்டா கழட்டுனீங்க?"

"கவுந்துடும்னுதாண்ணே..."

"அப்ப மோட்டார் சைக்கிள்காரன் டிஸ்க்கை எதுக்குடா முன்னாடி வெச்சிருக்கான்?"

பதிலே வரல. ரெண்டு சக்கரத்துல ஒண்ணுக்கு மட்டும் டிஸ்க் வர்ற வண்டிங்கள்ல அது முன்சக்கரத்துலதான் இருக்கும். தினமும் பார்க்கறோம். ஹாஸ்டல் ஷெட்ல வரிசையா நிக்குது. ரெண்டு செமஸ்டர் மெக்கானிக்ஸ் படிச்சவனுக்கு அது உறைக்கல.

அன்னைக்கு ராத்திரி நோட்டை எடுத்துப் படம் போட்டுப் பார்த்தேன். பிரேக் பிடிச்ச உடனே நம்ம எடை முன்பக்கம் பாயுது. பின்சக்கரம் இலேசாகுது. இலேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது லாக் ஆகி வழுக்குமே தவிர நிறுத்தாது. காய்ஞ்ச சமதளத்துலயே பின் பிரேக்கை மட்டும் நம்பினா, முன் பிரேக் தர்ற நிறுத்தத்துல சுமார் பாதிதான் கிடைக்கும். இறக்கம்னா இன்னும் மோசம், ஏன்னா எடை ஏற்கெனவே முன்னாடி சாஞ்சிருக்கு. கவுந்துடறதும் பொய் இல்ல. ஆனா அது முன்னாடி குனிஞ்சு உக்காந்துக்கிட்டு, பயத்துல ஒரேயடியா இறுக்கிப் பிடிச்சா நடக்கறது. சீட்டை இறக்கி, இடுப்பைப் பின்னாடி தள்ளி, ரெண்டு விரலால கொஞ்சம் கொஞ்சமா அழுத்தினா கவுக்காது. சரளையில முன்சக்கரம் வழுக்கற மாதிரி தோணினா உடனே விட்டுட்டு மறுபடி பிடிக்கணும். சீட்டை இறக்கறதுக்கு ஒரு ஸ்பேனர் போதும். செலவே இல்லாத மாடிஃபிகேஷன். நாங்க அதை மட்டும் பண்ணல!

ஈர ரிம் விஷயம் தனி. நம்ம சைக்கிள்ல வர்றது பளபளன்னு குரோம் பூசின ஸ்டீல் ரிம். மழையில நனைஞ்சா ரப்பர் கட்டை அதுல பிடிக்கிறது ரொம்பவே குறைஞ்சுடும். அலுமினிய ரிம்முல அவ்வளவு மோசம் கிடையாது. இன்னொரு கணக்கும் போட்டேன். 30 கி.மீ. வேகத்துல மோதறதும் மூணரை மீட்டர் உயரத்துல இருந்து விழறதும் ஒண்ணு. அதாவது முதல் மாடி. மாப்ள மணிக்கட்டோட தப்பிச்சது அதிர்ஷ்டம். தலையில ஹெல்மெட் கிடையாது, ஏன்னா வீடியோவுக்கு முகம் தெரியணுமே!

வெட்கத்தோட இந்த விளையாட்டோட சரித்திரத்தைத் தேடிப் படிச்சேன். 1970-கள்ல கலிஃபோர்னியாவில் மரின் கவுன்ட்டின்னு ஒரு இடம். அங்கயும் நம்மளை மாதிரி ஒரு நண்பர் கூட்டம். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ்... அவங்க ஓட்டினதும் காயலான் கடைச் சரக்குதான்: 1930, 40-கள்ல வந்த தடி டயர் ஷ்வின் சைக்கிள். மட்காடு எல்லாம் பிடுங்கின வண்டி. 1976 அக்டோபர் 21-ல முதல் ரேஸ் வெச்சாங்க. ரெண்டு மைலுக்குக் கொஞ்சம் மேல தூரம், 1,300 அடி இறக்கம். கேரி ஃபிஷரோட சாதனை 4 நிமிஷம் 22 விநாடி. அந்தப் பாதைக்குப் பேர் 'ரீபேக்'. ஏன் தெரியுமா? அந்தப் பழைய சைக்கிள்ல இருந்தது பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கிற பிரேக். ஒரு தடவை இறங்கினா ஹப்புக்குள்ள கிரீஸ் கொதிச்சுப் புகைஞ்சு ஆவியாப் போயிடும். திரும்பக் கழட்டி கிரீஸ் அடைச்சாத்தான் அடுத்த தடவை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோன்னா, அந்த 400 மீட்டர் இறக்கத்துல சுமார் 390 கிலோ ஜூல். ஒண்ணேகால் லிட்டர் தண்ணியைப் பச்சைத்தண்ணியில இருந்து கொதிக்க வைக்கிற சூடு. காத்தும் தரையும் தின்னது போக மிச்சம் முழுக்க அந்தக் குட்டி ஹப்புக்குள்ள!

அதனால ஃபிஷர் தன் வண்டிக்கு என்ன பண்ணினார்? கியர் போட்டார், அது எல்லாருக்கும் தெரியும். கூடவே டிரம் பிரேக்கும் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரும் மாட்டினார். மவுன்டன் பைக்குக்கே அப்பா மாதிரியான கும்பல் பிரேக்குக்கு மண்டையை உடைச்சிருக்கு. நாங்க கழட்டிட்டோம்.

எங்க காயலான் கடை ஃபோர்க்கும் எப்படியும் ஒருநாள் வெச்சு செஞ்சிருக்கும். எரிக் பரோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 2002-ல நிகராகுவாவில் ஒரு எரிமலைச் சரிவுல 172 கி.மீ. வேகத்துல வந்தப்போ சைக்கிளோட முன்பக்கம் முறிஞ்சு தூக்கி வீசப்பட்டார். எலும்புங்க உடைஞ்சும் மனுஷன் பிழைச்சு, 2017-ல பனிச்சரிவுல 227 கி.மீ. தாண்டினார். அவரோடது சாதனைக்காகவே பார்த்துப் பார்த்துத் தயார் பண்ணின வண்டி. நம்மோடது குட்டிப் பையன் ஓட்டித் தேய்ச்சது.

இப்ப நிலவரம்: பழைய ஃபோர்க்கையே அண்ணன் திருப்பி மாட்டிட்டார். அலுமினிய ரிம், முன்னாடியும் பின்னாடியும் காலிபர் பிரேக், புது கேபிள். எங்க ஊர் உப்புக்காத்துக்கு கேபிள் சீக்கிரம் துருப்பிடிக்கும், மாசம் ஒரு தடவை எண்ணெய் விடுன்னு உத்தரவு. எல்லாம் சேர்த்து ஷாக்கப்சருக்கு அழுததுல பாதிகூட ஆகல. நாலு பேருக்கும் ஹெல்மெட் வாங்கியாச்சு. அதுல ஒண்ணு மாப்ளயோட அம்மா வாங்கிக் குடுத்தது.

மாப்ள இடது கையால எழுதிப் பார்த்தான், முடியல. ரெண்டு பேப்பர் அடுத்த செமஸ்டருக்குப் போயிடுச்சு. அதுக்கு நோட்ஸ் எடுத்துக் குடுக்கறது என் வேலை. கட்டுப் பிரிச்சதும் முதல் இறக்கம் அவனுக்குத்தான்னு மத்த மூணு பேரும் மேல போகாம காத்திருக்கோம். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை காலையில கேப்பர் மலை அடிவாரத்துல, அந்த மதகுக்கு இந்தப் பக்கம், முன் பிரேக் பிடிச்சு நிறுத்திப் பழகிட்டு இருப்போம். வரணும்னா வாங்க. சைக்கிள்ல ரெண்டு பிரேக்கும் இருக்கணும், நான் செக் பண்ணுவேன்!