வேலை போனதை ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் தலைமுறையில் ஒரு வேலையில் சேர்ந்தால் 58 வயதுவரை அதே நாற்காலிதான். அதனாலோ என்னவோ, 45 வயதில் ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டால், "என்ன தப்பு செய்தானோ?" என்றுதான் நமக்கு முதலில் தோன்றுகிறது. ஆட்குறைப்பில் அவர் தப்பு என்ன இருக்கிறது? 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையும், 2022இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையும் உற்பத்தியை நிறுத்தியபோது, நன்றாக உழைத்தவர்களும்தானே வெளியே வந்தார்கள்?

நம் வாய்க்குப் பயந்தே பலர் விஷயத்தை மறைக்கிறார்கள். காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, நூலகத்தில் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்பிய ஒருவரை நான் அறிவேன். மறைத்தால் நஷ்டம் அவருக்குத்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், வேலை மாறியவர்களை விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு உதவியது நெருங்கிய நண்பர் அல்ல, எப்போதாவது சந்திக்கும் அறிமுகம்தான். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது அநேகமாக நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

அந்த அறிமுகம் நாமாக இருக்கலாம். பழைய அலுவலக நண்பர்கள், வாக்கிங் தோழர்கள், சம்பந்தி வீட்டார் என்று நம்மிடம் எத்தனை போன் நம்பர்கள்! ஆகவே, "இன்னும் கிடைக்கலையா?" என்று கேட்பதை விடுவோம். "பயோடேட்டாவை அனுப்புங்க தம்பி, நாலு பேர்கிட்ட சொல்றேன்" என்போம். அன்றைக்கே இரண்டு பேரிடமாவது சொல்லியும் விடுவோம்.