வைக்கோல் தீயும் வயிற்றுப் பிள்ளையும்

குறுவை அறுவடை முடிந்து தாளடி நடவு நெருங்கும் நாட்களில், பூதலூரைச் சுற்றியுள்ள கல்லணைக் கால்வாய்ப் பாசன ஊர்களில் மாலை வேளைகளில் புகைப் படலம் தாழ்ந்து தொங்குவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அறுவடை இயந்திரம் சிதறிவிட்டுச் சென்ற வைக்கோலைத் திரட்ட ஆளில்லை, உழவுக்கோ நேரமில்லை, ஆகவே ஒரு தீக்குச்சியே போதுமென்று சிலர் தீர்மானித்து விடுகிறார்கள். இதனால் மண்ணுக்கு நேரும் நஷ்டத்தைப் பற்றி இலாகாவினர் பல முறை எடுத்துரைத்ததுண்டு. இன்னும் பிறவாத சிசுவுக்கு நேரும் நஷ்டத்தைப் பற்றி விவசாய உத்தியோகஸ்தன் எழுதுவானேன் என்று மிராசுதார் சிலர் வினவக்கூடும். தீயைக் கொளுத்துவோர் வைத்தியர்களல்லர், நாமே; ஆதலின் எழுதுகிறேன்.

புகையில் உள்ள பொருள்களில் இரண்டை இங்கு கவனித்தால் போதும். ஒன்று கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு. இது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பலமாக இரத்தத்தின் செந்நிறப் பொருளைப் பற்றிக்கொள்வது. தாயின் இரத்தத்தில் இது ஏறினால் சிசுவுக்குச் சேரவேண்டிய பிராணவாயு குறைகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுள் ஏறக்குறையப் பாதிப் பேர் இரத்தச் சோகை உடையவர்கள் என்பது 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் கண்டது. முன்னமே குறைந்திருக்கும் இரத்தத்தில் இவ்வாயுவும் பங்கு கேட்கிறது. மற்றொன்று, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள். தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாதது. நச்சுக்கொடி இத்துகளைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர். 2019-இல் பெல்ஜியம் தேசத்து ஹாசெல்ட் சர்வகலாசாலையார் நச்சுக்கொடியின் சிசுப் பக்கத்திலேயே கரித்துகளைக் கண்டனர். 2022-இல் அவர்களும் ஸ்காட்லாந்தின் அபர்டீன் சர்வகலாசாலையாரும் சேர்ந்து, சிசுவின் ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றிலும் அத்துகள் இருக்கக் கண்டு வெளியிட்டனர்.

இனி நம் நாட்டு விவரத்துக்கு வருவோம். சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் முதலானோர், தமிழ்நாட்டில் பட்டணத்திலும் கிராமத்திலுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். தாய் சுவாசிக்கும் காற்றில் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் நுண்துகள் கூடினால், குழந்தையின் பிறப்பெடையில் சுமார் 4 கிராம் குறைவு காணப்பட்டது. நாலு கிராம் என்பது ஏறத்தாழ இருநூறு நெல்மணியின் எடை. இதற்காகவா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் விறகடுப்புப் புகையில் கூடும் துகள் பத்து மைக்ரோகிராமோடு நிற்பதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய சான்றும் ஒன்றுண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அதுவும் நம் காவேரிக் கடைமடையிலேயே கிடைத்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு தேசங்களில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. இந்தியப் பகுதி நாகப்பட்டினம், விழுப்புரம் ஜில்லாக்களில் நடந்தது. பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாக அளித்தார்கள். மற்றோர் விறகிலேயே சமைத்தார்கள். விறகுக்காரர் சுவாசித்த நுண்துகளின் நடு அளவு 70.7 மைக்ரோகிராம்; காஸ்காரருடையது 23.9. ஆயினும் 2022-இல் வெளிவந்த முடிவின்படி, பிறப்பெடையில் கண்ட வேற்றுமை ஏறக்குறைய 20 கிராமே. அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியதென்று கணிதர் கூறினர். ஒரு வயதில் வளர்ச்சி குன்றியிருந்த குழந்தைகளின் தொகையும் குறையவில்லை என்று 2024-இல் தெரிவித்தனர்.

ஆகவே புகையால் கெடுதி இல்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது என்பதே என் அபிப்பிராயம். முதலாவதாக, துகள் குறைந்தது ஏறக்குறைய 47 மைக்ரோகிராம். பத்துக்கு நாலு கிராம் என்ற சென்னைக் கணக்கை இங்கு பொருத்தினால் வருவது சுமார் 19 கிராம். பரிசோதனையில் கண்டதும் அதை ஒட்டியதே. இதைக் கொண்டு ஒன்றை நிரூபித்துவிட முடியாதெனினும், இரண்டும் முரணானவையல்ல என்பது விளங்கும். இரண்டாவதாக, அப்பெண்கள் பரிசோதனையில் சேர்ந்தது கர்ப்பத்தின் 9-ஆவது வாரத்துக்கும் 20-ஆவது வாரத்துக்கும் இடையில். அதற்கு முன் சென்ற வாரங்களெல்லாம் விறகுப் புகையில் கழிந்தவையே. கதிர் கருக்கொள்ளும் தருணத்தில் காய விட்டுவிட்டுப் பின்னர் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் மணி கூடுமா? நிறைந்து வரும் காவேரியையே மசக்கைப் பெண்ணாகப் பாவித்து ஆடிப் பதினெட்டில் காதோலை கருகமணி படைக்கும் சீமையாருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூன்றாவதே முக்கியமானது. தராசில் தெரிவது எடை மாத்திரமே. புத்தி அதில் தெரியாது. நியூயார்க் நகரில் டாக்டர் பிரெடெரிகா பெரேரா என்ற அம்மையார், கர்ப்பிணிகளின் முதுகில் காற்றளக்கும் கருவியைச் சுமக்கச் செய்து, பிறந்த குழந்தைகளை ஐந்தாம் வயதில் பரீட்சித்தார். கருவிலிருந்த காலத்தில் எரிபுகை விஷங்களை அதிகம் பெற்ற குழந்தைகளின் புத்தி அளவெண் மற்றவர்களினும் சுமார் 4 குறைந்திருந்ததென 2009-இல் தெரிவித்தார். சீனாவில் டோங்லியாங் என்னும் ஊரில் நிலக்கரி மின்நிலையம் ஒன்று 2004-இல் மூடப்பட்டது. அதற்கு முன் 2002-இல் பிறந்த குழந்தைகளிடம், தொப்புள்கொடி இரத்தத்தில் புகைவிஷத்தின் அடையாளம் மிகுந்தவர் இரண்டு வயதில் வளர்ச்சியில் பிந்தியிருந்தனர். 2005-இல் பிறந்தவர்களிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. தீ அணைந்தால் பலனுண்டு என்பதற்கு நான் அறிந்தவற்றுள் இதுவே நல்ல சாட்சி.

நம் ஊர்களில் தாய்மார்க்குப் புகை வரும் வழிகள் பல. வீட்டுக்குக் காஸ் வந்தும், வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகும் உமியும் எரிகின்றன. கொசுவுக்காக மாட்டுக் கொட்டகையில் மூட்டம் போடுகிறோம். பச்சைக் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதை நான் குறை சொன்னபோது என் வீட்டுப் பெரியவர்களே கோபித்துக் கொண்டார்கள். அதை இத்தோடு விடுகிறேன். ஆனால் வயற்புகை வேறு. அடுப்புப் புகையை அவரவர் வீட்டில் தடுக்கலாம். வயற்புகை எரிப்பவன் வீட்டை விட்டு, காற்று வாக்கிலுள்ள தெருவுக்குச் செல்கிறது. சென்ற குறுவையில் ஒரு வரப்பில் நிறைகர்ப்பிணியான நடவாள் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்றுக்கட்டோடு நின்றதைக் கண்டேன். அடுத்த வயலில் தீ வைத்தவர் நல்லவர், எனக்கு நெடுநாள் பழக்கமுடையவர். அவரும் அவளைப் பார்த்தார்; இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சம்பா வைக்கோலைப் பற்றிக் கவலை அதிகமில்லை. உளுந்து தெளித்த வயலில் யாரும் தீ வைக்கமாட்டார்; மற்ற இடங்களில் தரை காய்ந்திருப்பதால் கட்டுக் கட்டும் இயந்திரம் இறங்கும்; கேரளத்துக்கு ஏற்றுவோரும் வருகிறார்கள். குறுவையே சங்கடமானது. மழையில் வைக்கோல் நனைந்திருக்கும். சேற்றில் மடக்கி உழுதால் இரண்டு வாரமாவது மக்கவிட வேண்டும். அவசரப்பட்டு நட்டால் பயிர் மஞ்சளிக்கும். அந்த இரண்டு வாரம் எல்லோரிடமும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இயலாதவர் வரப்போரம் வாரிக் குவித்தாவது வைக்கலாம். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை தழைச்சத்து உண்டு. எரித்தால் அது அநேகமாக முழுவதும் ஆகாயத்தில் போகிறது. அதையே யூரியாவாக விலைக்கு வாங்குகிறோம்.

நடவாட்களுக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கர்ப்பிணி உள்ள ஆள்வீட்டுக்கு அந்த முன்பணத்தோடு ஒரு சிலிண்டருக்கான தொகையையும் மிராசுதார் சேர்த்துக் கொடுத்தாலென்ன? இணைப்பு இருந்தும் மறு சிலிண்டர் வாங்கப் பணமின்றி விறகுக்குத் திரும்பும் குடும்பங்கள் உள. கிராம நிர்வாக அதிகாரிகள் அறுவடைக் காலத்தில் கிராம சுகாதார செவிலியரைக் கண்டு, எந்தத் தெருவில் எத்தனை கர்ப்பிணிகள் என்று கேட்டு வைத்துக்கொண்டால், அத்தெருவை ஒட்டிய வயல்களின் சொந்தக்காரரிடம் தீ வைக்குமுன்பே பேச முடியும். வைத்த பின் அபராதத்தைப் பற்றிப் பேசுவதைவிட இது இலேசு. கட்டுக் கட்டும் இயந்திரம் வேண்டுவோர் கதிர் முற்றும் சமயத்திலேயே நாலைந்து பேராகச் சேர்ந்து என்னிடம் தெரிவித்தால், ஒரே ஊரில் அடுத்தடுத்து இறக்க ஏற்பாடு செய்யலாம். தனித்தனியே கேட்டால் வண்டி வருவதற்குள் மழை வந்துவிடுகிறது.